ஹிஸ்டோன் மரபணு எந்தத் திசுவில் எவ்வளவு? தரவில் தேடப்போகிற புதியவர்களுக்கு

ஜிடெக்ஸ் தளத்தில் (மனிதத் திசுக்களில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் பொதுத் தரவுத்தளம்) போய் எச்3சி2 என்கிற ஹிஸ்டோன் மரபணுவைத் தேடிப் பாருங்கள். டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதம்தான் ஹிஸ்டோன். மூளை, இதயம், எலும்புத்தசை, சிறுநீரகம் என்று எந்தத் திசுவை எடுத்தாலும் வரைபடம் தரையோடு தரையாகக் கிடக்கும். அதே கையோடு எச்3-3பி என்று தேடினால் எல்லாத் திசுவிலும் உச்சாணியில் நிற்கும். இரண்டுமே ஹிஸ்டோன் எச்3 புரதத்தைத் தருகிற மரபணுக்கள்தான். புதிதாக வருகிறவர் இதைப் பார்த்ததும் "எச்3சி2 உடலில் வேலையே செய்வதில்லை போலிருக்கிறது" என்று புராஜெக்ட் அறிக்கையில் எழுதிவிடுவார், வழிகாட்டியும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அது தவறு. தரவு பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. ஹிஸ்டோன் மரபணு வெளிப்பாட்டு எண் ஒன்று முதலில் காட்டுவது, ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ.வை எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்பதை. அதற்கு அடுத்து, அந்தத் திசுவில் செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றனவா என்பதை. திசுவின் சொந்தக் குணம் மூன்றாவதாகத்தான் வரும். நாமும் இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகலாம்.

ஒரு சின்னக் குறிப்பு: மரபணுப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தேடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல், குறுங்கோடு இருந்தால் அதையும் சேர்த்துத் தட்டுங்கள்.

முதலில் மரபணுக்களை இரண்டு கூடையாகப் பிரியுங்கள்

அடிப்படை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கிலும் இரண்டிரண்டு சேர்ந்த எட்டுப் புரத உருளையில் சுமார் 147 இணை நீள டி.என்.ஏ. சுற்றிக்கொள்கிறது, அது ஒரு நியூக்ளியோசோம். எச்1 வெளியிலிருந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மனித செல்லில் இப்படி ஏறத்தாழ 3 கோடி நியூக்ளியோசோம்கள் உண்டு. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது இன்னொரு 3 கோடிக்கான ஹிஸ்டோனைச் சில மணி நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். ஒரு மரபணுவை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது. அதனால்தான் மனிதனில் எச்4 புரதத்துக்கு மட்டும் பத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அச்சு அசலாக ஒரே புரதத்தைத்தான் செய்கின்றன.

முதல் கூடையில் இந்த இரட்டிப்புச் சார்ந்த மரபணுக்கள். இவற்றில் பெரும்பகுதி 6ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரே கொத்தாக இருக்கிறது. 1ஆம் குரோமோசோமில் சிறிய கொத்துகள் இருக்கின்றன. எச்4-16 மட்டும் 12ஆம் குரோமோசோமில் தனியாகக் கிடக்கிறது. இவற்றில் இன்ட்ரான் (எம்.ஆர்.என்.ஏ. தயாராகும்போது வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) கிடையாது. இவற்றின் எம்.ஆர்.என்.ஏ.வுக்குப் பாலி ஏ வால் (கடைசியில் ஏ எழுத்தே வரிசையாக வரும் பகுதி) கிடையாது, இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி. வால் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இணை கொண்ட தண்டும் நான்கு எழுத்து வளையமும் சேர்ந்த ஒரு கொண்டை ஊசி அமைப்பு இருக்கும், அதை எஸ்.எல்.பி.பி. என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். டி.என்.ஏ. இரட்டிப்பு நடக்கும் எஸ் கட்டத்தில் இந்த எம்.ஆர்.என்.ஏ. ஏறும் (வளர்ப்பு செல்களில் சுமார் 35 மடங்கு என்று அளந்திருக்கிறார்கள்), கட்டம் முடிந்ததும் மளமளவென்று அழிக்கப்படும்.

இரண்டாவது கூடையில் இரட்டிப்பைச் சாராதவை: எச்3-3ஏ, எச்3-3பி, எச்2ஏசெட்1, எச்1-0, மேக்ரோஎச்2ஏ1, சென்பிஏ போன்றவை. இவற்றுக்குப் பாலி ஏ வால் உண்டு, பெரும்பாலானவற்றில் இன்ட்ரானும் உண்டு. சென்பிஏ நீங்கலாக இவை செல் பிரியாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். எச்2ஏஎக்ஸ் இரண்டு கூடையிலும் கால் வைத்திருக்கிற ஆள், அதற்கு வால் இல்லாத பிரதியும் உண்டு, வால் உள்ள பிரதியும் உண்டு. அதை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை

ஹிஸ்டோன் மரபணுக்களுக்கு மனித மரபணுப் பெயரிடும் குழு சில ஆண்டுகளுக்கு முன் மொத்தமாகப் புதுப் பெயர் வைத்துவிட்டது. ஹிஸ்ட்1எச்3பி இப்போது எச்3சி2. ஹிஸ்ட்1எச்4சி இப்போது எச்4சி3. ஹிஸ்ட்2எச்2பிஇ இப்போது எச்2பிசி21. எச்3எஃப்3ஏ இப்போது எச்3-3ஏ. நடுவில் சி வந்தால் கொத்தில் இருக்கும் மரபணு, குறுங்கோடு வந்தால் பெரும்பாலும் தனி ஆள். எச்1 குடும்பம் மட்டும் இந்த விதிக்கு அடங்காது. எச்1-1 முதல் எச்1-6 வரை எல்லாமே கொத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் குறுங்கோடுதான்.

இதில் நடைமுறைத் தொல்லை என்னவென்றால், ஜிடெக்ஸின் 8ஆம் பதிப்புக் கோப்புகள் ஜென்கோட் 26 என்ற பழைய மரபணுக் குறிப்பேட்டை வைத்துச் செய்தவை, அதில் எல்லாம் பழைய பெயர். 10ஆம் பதிப்பு ஜென்கோட் 39ஐ வைத்துச் செய்தது, அதில் புதுப் பெயர். ஒன்றில் எடுத்த பட்டியலை இன்னொன்றில் தேடினால் ஹிஸ்டோன்களில் பாதி "கிடைக்கவில்லை" என்று வரும். பெயரை நம்பாதீர்கள், என்செம்பிள் எண்ணை (ஒவ்வொரு மரபணுவுக்கும் என்செம்பிள் தரவுத்தளம் தரும் அடையாள எண்) வைத்தே இணையுங்கள். அந்த எண்ணின் கடைசியில் புள்ளி வைத்து ஒரு பதிப்பு எண் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டிவிட்டு இணைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் பொருந்தாது.

ஆர் மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. மரபணுப் பெயர்களை அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்பாகப் போட்டால் அது குறுங்கோட்டைப் புள்ளியாக மாற்றிவிடும். எச்3-3ஏ என்பது எச்3.3ஏ ஆகிவிடும், பார்த்தால் தெரிந்துவிடும், பரவாயில்லை. ஆனால் எச்1-2 என்ற மரபணு எச்1.2 என்று மாறும்போது அது புரதத்தின் பெயராகவும் இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. அட்டவணையைப் படிக்கும்போதே பெயரைத் தொடாதே என்று அமைப்பில் சொல்லிவிடுங்கள்.

இப்போது மிக முக்கியமான கேள்வி: ஆர்.என்.ஏ.வை எப்படிப் பிடித்தார்கள்?

ஆர்.என்.ஏ. வரிசையாக்கத்தில் மொத்த ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு ரிபோசோம் ஆர்.என்.ஏ., அது நமக்கு வேண்டாம். அதை ஒதுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒலிகோ டிடியை (டி எழுத்து மட்டும் கொண்ட, ஏ வாலில் ஒட்டும் சிறு துண்டு) தூண்டிலாகப் போட்டுப் பாலி ஏ வால் உள்ளவற்றை மட்டும் இழுப்பது. இன்னொன்று, ரிபோசோம் ஆர்.என்.ஏ.வை மட்டும் பிடித்து நீக்கிவிட்டு மீதி எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது. வாலைப் பிடித்து இழுக்கும் முறையில் வால் இல்லாத ஹிஸ்டோன் எம்.ஆர்.என்.ஏ. எப்படி வரும்? கழிவோடு போய்விடும். ஜிடெக்ஸ் முழுவதும் பாலி ஏ முறையில் செய்தது. எச்3சி2 தரையோடு கிடந்ததற்கு முதல் காரணம் இது.

நீங்கள் எடுக்கிற தரவு எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையாக்கத் தரவைச் சேமித்து வைக்கும் எஸ்.ஆர்.ஏ. தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் லைப்ரரி செலக்‌ஷன் என்று ஒரு புலம் இருக்கும். அதில் பாலி ஏ என்றோ இன்வெர்ஸ் ஆர்.ஆர்.என்.ஏ. என்றோ போட்டிருந்தால் நல்லது. பெரும்பாலும் சி.டி.என்.ஏ. என்று போட்டிருப்பார்கள், அதை வைத்து ஒன்றும் தெரியாது. அப்போது அந்த ஆய்வுக்கான ஜியோ தரவுத்தளப் பக்கத்தில் மாதிரித் தயாரிப்பு முறை என்ற பத்தியைப் படியுங்கள். ரிபோ ஜீரோ, டோட்டல் ஆர்.என்.ஏ. கிட் என்று இருந்தால் நீக்கும் முறை. எம்.ஆர்.என்.ஏ. கிட், ஒலிகோ டிடி மணிகள் என்று இருந்தால் பாலி ஏ. அதிலும் இல்லையென்றால் கட்டுரையின் செய்முறைப் பகுதிதான் கதி.

ஒற்றை செல் தரவிலும் இதே கதைதான். 10எக்ஸ் நிறுவனத்தின் 3 பிரைம் முறையும் சரி, ஸ்மார்ட்சீக்2வும் சரி, பாலி ஏ வாலில் ஒட்டித்தான் தொடங்குகின்றன. ஆனாலும் பிரிந்துகொண்டிருக்கும் செல் கூட்டத்தில் எச்4சி3 அடிக்கடி தலைகாட்டும், ஆக அதன் பிரதிகளில் ஒரு பகுதி எப்படியோ வலையில் மாட்டுகிறது. கூட்டத்தை அடையாளம் காண அது உதவும். எச்4 மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட அதை எடுக்காதீர்கள்.

கையில் தரவு வந்ததும் நான் செய்யச் சொல்லும் சோதனை சுலபமானது. 6ஆம் குரோமோசோம் கொத்தில் உள்ள ஹிஸ்டோன் மரபணுக்கள் எல்லாவற்றின் எண்ணையும் ஒவ்வொரு மாதிரிக்கும் கூட்டிப் பட்டை வரைபடம் போடுங்கள். ஒரே திசுவைச் சேர்ந்த மாதிரிகளில் சில மட்டும் பல மடங்கு உயர்ந்து நின்றால், உயிரியலைத் தேடுவதற்கு முன் அந்த மாதிரிகள் எந்தத் தேதியில், எந்த ஆய்வகத்தில், எந்த கிட்டில் தயாரானவை என்று பாருங்கள். இரண்டு வகைத் தரவையும் ஒன்றாகக் கலந்து வேறுபாட்டுப் பகுப்பாய்வு செய்தால் பட்டியலின் முதல் பக்கத்திலேயே ஹிஸ்டோன்கள் வரிசை கட்டி நிற்கும், பி மதிப்பு பிரமாதமாக இருக்கும், அதற்கு ஒரு பொருளும் இருக்காது. பேட்ச் திருத்தம் (தயாரிப்புத் தொகுதிகளுக்கு இடையேயான வேறுபாட்டைக் கணக்கில் சரிசெய்வது) செய்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். ஒரு நோய்க்குழு முழுக்க ஒரு முறையிலும் ஒப்பீட்டுக் குழு முழுக்க இன்னொரு முறையிலும் தயாரிக்கப்பட்டிருந்தால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

கண்ணால் பார்த்து நம்ப வேண்டும் என்றால் என்கோடு என்ற பொதுத் தரவுத்தளத்துக்குப் போங்கள். அங்கே கே562 என்ற ரத்தப் புற்றுநோய் செல் வரிசையில் பாலி ஏ உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று தனித்தனியாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஜீனோம் உலாவியில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து 6ஆம் குரோமோசோம் கொத்துக்குப் போனால், வால் இல்லாத பகுதியில்தான் ஹிஸ்டோன்கள் வரிசையாக எழும்பி நிற்கும். கொஞ்சம் தள்ளி வேறு சாதாரண மரபணுவுக்குப் போனால் நேர் எதிராக இருக்கும்.

அடுத்து, செல் பிரிகிறதா என்பதைக் கழியுங்கள்

ரிபோசோம் நீக்கும் முறையில் வந்த நல்ல தரவே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலும்பு மஜ்ஜையிலும் தைமஸிலும் முதல் கூடை மரபணுக்கள் உயரும், மூளையிலும் இதயத்திலும் தாழும். இதை "திசு சார்ந்த வெளிப்பாடு" என்று எழுத ஆசை வரும். ஆனால் அங்கே செல்கள் பிரிகின்றன, இங்கே பிரியவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. புற்றுநோய்க் கட்டியையும் பக்கத்தில் உள்ள நல்ல திசுவையும் ஒப்பிட்டு "ஹிஸ்டோன் வெளிப்பாடு அதிகம்" என்று வருகிற முடிவுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

கழிப்பது எப்படி? எம்.கே.ஐ.67, டாப்2ஏ, பி.சி.என்.ஏ. ஆகிய பிரிவுக் குறியீட்டு மரபணுக்களை எடுத்து, ஹிஸ்டோன் எண்ணை அவற்றுக்கு எதிராகப் புள்ளி வரைபடம் போடுங்கள். எல்லாத் திசுவும் ஒரே கோட்டில் விழுந்தால் கதை முடிந்தது. கோட்டைவிட்டு விலகி நிற்கிற திசு எது, மரபணு எது என்பதில்தான் சுவாரஸ்யம் தொடங்குகிறது. ஜிடெக்ஸில் இருக்கும் 54 மாதிரி வகைகளில் இரண்டு திசுவே அல்ல: ஆய்வகத்தில் வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஒன்று, வைரஸ் ஏற்றி வளர்த்த லிம்போசைட் செல்கள் மற்றொன்று. பிரிந்துகொண்டே இருப்பவை என்பதால் இந்தக் கோட்டின் மேல் முனை எங்கே இருக்கும் என்று காட்ட அவை வசதி. ஆனால் திசு ஒப்பீட்டில் சேர்த்துவிடாதீர்கள். எலும்பு மஜ்ஜையும் தைமஸும் ஜிடெக்ஸ் திசுப் பட்டியலில் கிடையாது, அதற்கு ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் என்ற தளத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் மிஞ்சுவது என்ன?

நிறையவே மிஞ்சும். முதலில் விரை. எச்1-6, எச்2பிசி1, எச்2ஏசி1, எச்3-4 என்று ஒரு கூட்டமே அங்கே மட்டும் ஓடுகிறது. விந்தணு உருவாகும்போது சாதாரண ஹிஸ்டோன்களை இந்தத் தனி வகைகள் மாற்றுகின்றன, பிறகு அவற்றிலும் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டுப் புரோட்டமின் என்ற இன்னொரு புரதம் டி.என்.ஏ.வை இறுக்கி அடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: விரையில் பொதுவாகவே ஏராளமான மரபணுக்கள் ஓரளவு இயங்கும். ஆகவே "விரையில் இருக்கிறது" என்பது செய்தி இல்லை. "விரையில் இருக்கிறது, மற்ற எங்கும் இல்லை" என்பதுதான் செய்தி.

சூலகத்தில் எச்1-8 தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். அது முட்டை செல்லுக்கே உரிய எச்1. முழுச் சூலகத் துண்டை அரைத்து எடுத்த ஆர்.என்.ஏ.வில் முட்டை செல்களின் பங்கு மிகக் குறைவு, அவற்றின் சிக்னல் கரைந்து போய்விடும். முட்டை செல்லைத் தனியாக எடுத்துச் செய்த ஒற்றை செல் தரவில் பாருங்கள்.

எச்1-0 வேறு மாதிரி. செல் பிரிவதை நிறுத்தி முதிர்ச்சி அடையும்போது இது சேர்ந்துகொண்டே போகும். பிரிவுக் குறியீட்டுக்கு எதிராக வரைந்தால் மற்ற ஹிஸ்டோன்கள் ஏறும் இடத்தில் இது இறங்குவதைக் காணலாம், வகுப்பில் காட்ட நல்ல உதாரணம்.

முதல் கூடையிலேயே விதிவிலக்குகள் இருக்கின்றன. எச்2பிசி21, எச்1-2 போன்ற சில கொத்து மரபணுக்கள் பாலி ஏ தரவிலும் பல திசுக்களில் கணிசமாகத் தெரியும். கருவி பிழை செய்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதிர்ந்த, பிரியாத செல்களில் இந்த மரபணுக்கள் சிலவற்றின் எம்.ஆர்.என்.ஏ. கொண்டை ஊசியைத் தாண்டி ஓடி, பாலி ஏ வாலோடு முடிகிறது என்பதை வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்லியம் மார்ஸ்லஃப் குழுவினர் 2016இல் காட்டினார்கள். எச்2பிசி21க்கு இணையான எலி மரபணு மூக்கின் மோப்ப நரம்பு செல்களில் ஓடுவதையும், அதன் அளவு அந்த நரம்பின் ஆயுளோடு தொடர்புடையது என்பதையும் 2012இல் கேத்தரின் துலாக் ஆய்வகம் கண்டது. வெறும் பொதிகட்டும் புரதம் என்று நினைத்த ஒன்று மோப்ப நரம்பில் தனி வேலை பார்க்கிறது, எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது.

எச்3-3ஏ, எச்3-3பி இரண்டையும் எப்போதும் தனித்தனியாக வையுங்கள். இரண்டும் தருவது ஒரே எச்3.3 புரதம்தான். ஆனால் 2012இல் குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் கண்டுபிடித்த, 27ஆம் அமினோ அமிலத்தில் நேரும் மாற்றம் எச்3.3 வகையில் எச்3-3ஏ மரபணுவில்தான் வருகிறது; காண்ட்ரோபிளாஸ்டோமா என்ற எலும்புக் கட்டியில் வரும், 36ஆம் அமினோ அமிலத்தின் மாற்றம் பெரும்பாலும் எச்3-3பியில். புரதம் ஒன்றுதானே என்று கூட்டிப் போட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

ஒரே மாதிரி மரபணுக்களில் ரீடு யாருக்குச் சேரும்?

எச்4சி14, எச்4சி15 இரண்டும் 1ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டிப்பானதால் வந்த நகல்கள். இவற்றில் விழும் ரீடு (வரிசையாக்கக் கருவி படித்த சிறு துண்டு) எந்த நகலிலிருந்து வந்தது என்று சொல்ல வழியே இல்லை. ஃபீச்சர்கவுண்ட்ஸ் கருவி இயல்பாகவே இப்படிப் பல இடத்தில் பொருந்தும் ரீடுகளை எண்ணாது, இரண்டுக்கும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். சாமன் கருவி, அச்சு அசலாக ஒரே வரிசையில் இருக்கும் டிரான்ஸ்கிரிப்ட்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இன்டெக்ஸ் கட்டும்போதே நீக்கிவிடும். இரண்டில் எதையும் "இந்த மரபணு ஓடவில்லை" என்று படிக்கக் கூடாது. இவற்றை ஒரே அலகாகக் கூட்டி அறிக்கையிடுங்கள். மற்ற கொத்து மரபணுக்களில் புரதம் ஒன்றாக இருந்தாலும் டி.என்.ஏ. எழுத்துகளும் முனைப் பகுதிகளும் ஓரளவு வேறுபடும், அதனால் அங்கே பிரச்சினை குறைவு. ரீடு நீளம் 50 என்றால் சந்தேகப்படுங்கள், 100க்கு மேல் இரட்டை முனை என்றால் நிம்மதியாக இருக்கலாம்.

ஆய்வகத்தில் க்யூபிசிஆர் செய்து சரிபார்க்கிறவர்களுக்கு

ஒலிகோ டிடி பிரைமரை வைத்து சி.டி.என்.ஏ. செய்யாதீர்கள், ரேண்டம் ஹெக்ஸமர் (எங்கும் ஒட்டக்கூடிய ஆறெழுத்துப் பிரைமர்) போடுங்கள். காரணம் இதற்குள் புரிந்திருக்கும். இன்ட்ரான் இல்லாததால் எக்ஸான் சந்திப்பைத் தாண்டி பிரைமர் வடிவமைக்கும் வழக்கமான தந்திரம் இங்கே செல்லாது. மாதிரியில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.வும் அதே நீளத்தில் பெருகி எம்.ஆர்.என்.ஏ. போலவே நடிக்கும். டி.என்.ஏஸ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி போடாத ஒரு குழாயையும் கட்டாயம் ஓட்டுங்கள். நொதி போட்டதற்கும் போடாததற்கும் இடையே சிடி மதிப்பில் (எத்தனையாவது சுற்றில் சிக்னல் தெரிகிறது என்ற எண்) ஏழெட்டுச் சுற்றாவது வித்தியாசம் இல்லையென்றால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரைமரின் ஒரு முனையையாவது அந்த மரபணுவுக்கே உரிய முனைப் பகுதியில் வையுங்கள், புரதக் குறிப் பகுதியில் வைத்தால் பக்கத்து மரபணுக்களும் சேர்ந்து பெருகும்.

கடைசியாக, எம்.ஆர்.என்.ஏ. அளவைப் புரத அளவு என்று படிக்க வேண்டாம். மூளையில் முதல் கூடை எம்.ஆர்.என்.ஏ. ஏறக்குறைய இல்லை, ஆனால் நரம்பு செல்லின் டி.என்.ஏ. ஹிஸ்டோன் இல்லாமல் அம்மணமாகக் கிடக்கவில்லை. பிறப்பையொட்டிச் செய்த எச்3.1, எச்3.2 புரதங்கள் அதில் நெடுநாள் தங்கியிருக்கின்றன, வயதாக ஆகப் புதிதாகச் செய்யும் எச்3.3 அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டே போகிறது. 1950களிலும் 60களிலும் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன் 14ஐ அளவுகோலாக வைத்து, மனித மூளை ஹிஸ்டோனின் வயதையே அளந்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2015இல் வந்தது. எச்3.1க்கும் எச்3.3க்கும் ஐந்தே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம், சாதாரண எச்3 ஆன்டிபாடி இரண்டையும் ஒன்றாகவே பிடிக்கும். எது எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் எச்3.3க்கே உரிய ஆன்டிபாடி வேண்டும், அல்லது மாஸ் ஸ்பெக் வசதி உள்ள ஆய்வகம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அங்கே மாதிரி கொடுக்கும்போது ஹிஸ்டோனை அமிலத்தில் பிரித்தெடுத்துக் கொடுங்கள், அவர்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.